வண்டி வராத மலைச்சாலை

அந்தச் சாலையில் எதிரே ஒரு வண்டி வராது. அதுதான் அதன் அழகு.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து விடியும் முன்பே சைக்கிளில் கிளம்பி, அம்பாங் தாண்டி, தார் முடிகிற இடத்தில் திரும்பினால், செம்மண்ணும் சரளையும் கலந்த ஒரு தோட்டச் சாலை மலைமேல் ஏறும். வளைந்து வளைந்து ஏறி, ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடியும் ஏறி, ஊலு லங்காட் பக்கம் போய் முடியும். லோரி இல்லை, மாட்டுவண்டி இல்லை, துரையின் மோட்டார் இல்லை. நடுச்சாலையில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டுப் பாடிக்கொண்டே போவேன். கேட்க ஆளில்லாததால் பாட்டும் நன்றாகத்தான் இருந்தது.

ஏன் வண்டி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டத்தை மூடிவிட்டார்கள். அங்கே மரம் சீவிய தமிழ் ஜனங்களை லயம் லயமாகக் காலி செய்து, ரயிலேற்றி, போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ரயில் அலுவலகத்தில் குமாஸ்தா. துறைமுகத்துக்கு அந்த ஜனங்களைக் கொண்டுபோகும் பெட்டிகளை ஒதுக்குவது என் மேசையில் நடந்த வேலை. வாரமெல்லாம் என் ஜனங்களை அனுப்பப் பெட்டி ஒதுக்குவேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விட்டுப்போன சாலையில் காற்று வாங்குவேன். வேலை போகாமல் தப்பியவர்களில் நானும் ஒருவன். தப்பியவனுக்குக் கிடைத்த பரிசு மாதிரி அந்தச் சாலை எனக்குக் கிடைத்தது.

மனசு குறுகுறுக்கத்தான் செய்தது. ஆனால் குறுகுறுப்பெல்லாம் ஏற்றத்தில்தான். மேலே போய்ச் சேர்ந்து, இறக்கம் தொடங்கி, சட்டைக்குள் காற்று புகுந்ததும் எல்லாம் மறந்துவிடும். என் மனசாட்சி அவ்வளவு தூரம்தான் மிதிக்கும்.

சரளையில் சைக்கிள் விடுவது தார்ச்சாலையில் விடுவதைப் போல அல்ல. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து விசாரிக்கும். லோரிச் சக்கரம் ஓடி இறுகிய தடம் இரண்டு பக்கமும் இருக்கும், அதைவிட்டு நடுவில் புகுந்தால் உருளைக்கற்கள் சறுக்கும். இறக்கத்தில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று என் இடது முழங்கை முதல் மாதமே தெரிந்துகொண்டது. மழை பெய்த மறுநாள் செம்மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுக்கும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உள்ளே எனக்கு அத்தனையும் பிடித்திருந்தது.

பெரும்பாலும் என் நண்பனும் கூட வருவான். ஒரே அலுவலகம், பிரிக்பீல்ட்ஸில் அடுத்தடுத்த வீடு. வெள்ளிக்கிழமை விரதம், நெற்றி நிறைய திருநீறு, தடுக்கி விழுந்தாலும் முருகா என்றுதான் விழுவான். நல்லவன். ஆனால் அவன் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே விழுந்துவிடும். அடிவாரத்துக் கேட்டில் தோட்டத்துக் காவல்காரர் இருந்தார். ஜாகா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பஞ்சாபிக்காரர், வயதானவர். எங்கள் தொப்பியையும் கால்சட்டையையும் பார்த்து ஒரு சலாம் போட்டுக் கேட்டைத் திறந்துவிடுவார். அவர் மேலே ஏறி வந்ததே இல்லை. முழங்கால் வலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். லயத்துக்குப் பக்கத்தில் பின்சக்கரம் பஞ்சர். லயம் என்றால் ஆட்கள் குடியிருந்த நீள வரிசை வீடுகள். கதவெல்லாம் திறந்தபடி காலியாகக் கிடந்தன. ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டும். பொதுத்தொட்டிக்கு டியூபைக் கொண்டுபோனேன். தொட்டியில் பாசி இல்லை, யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். டியூபை அமுக்கிக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

“என்னைப் புடிச்சிக்கிட்டுப் போகவா ஐயா வந்தீங்க?”

நாற்பது வயதிருக்கும். கையில் மரவள்ளிக் கிழங்கு, மண்ணோடு.

“இல்லக்கா. டயர் பஞ்சர்.”

அவள் டியூபைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், கேட்டுக்குப் போகும் சாலையை எட்டிப் பார்த்தாள். அப்புறம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கிழங்கைக் கழுவத் தொடங்கினாள். பேச்சுத் துணை இல்லாமல் பல நாள் இருந்தவள் என்பது அவள் பேசிய வேகத்திலேயே தெரிந்தது.

தோட்டத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் புருஷன் வேலை தேடி கிள்ளானுக்குத் தெற்கே தெலுக் பங்லிமா காராங் பக்கம் போயிருக்கிறார். அங்கே தென்னந்தோப்புகளில் ஆள் எடுக்கிறார்களாம். போகும்போது, நான் வரும்வரை இந்த இடத்தைவிட்டு நகராதே, முனியாண்டிக்கு விளக்கு வைத்துக்கொண்டு இரு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்புவதற்குள் லயத்தைக் காலி செய்ய லோரி வந்துவிட்டது. எல்லோரும் ஏறினார்கள். இவள் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டாள்.

“நீங்களும் போயிருந்தா ஊருக்காவது போய்ச் சேந்திருக்கலாமே அக்கா?”

“நான் போயிட்டா அவரு வந்து எங்க தேடுவாரு? எனக்கும் எழுத்து தெரியாது, அவருக்கும் தெரியாது. இந்த எடம் ஒண்ணுதான் எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச எடம்.” கிழங்கைத் துணியில் கட்டிக்கொண்டே சொன்னாள். “அவரு வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கணும் ஐயா. அவ்வளவுதான். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். வீட்டில் என் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. காய்ச்சல் தீர்ந்து வந்த நண்பனிடமும் சொல்லவில்லை. அவனிடம் சொல்வதும் ரயில் நிலையத்தில் தண்டோரா போடுவதும் ஒன்று என்று நினைத்தேன்.

அதன் பிறகு அரைநாள் லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் தனியாகப் போகத் தொடங்கினேன். அரிசி, உப்பு, கருவாடு, தீப்பெட்டி எல்லாம் கேரியரில் கட்டிக்கொண்டு ஏறுவேன். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும், கண்ணை வேறுபக்கம் வைத்துக்கொண்டு, “விளக்குக்கு எண்ணெய் கெடைக்குமா ஐயா?” என்றாள்.

முனியாண்டி என்றால் கோயில் இல்லை. சாலையோரம் ஒரு பெரிய மரத்தடியில் மூன்று கல், ஒரு சூலம், முன்னால் ஒரு அகல். இருக்கிற சொட்டு எண்ணெயில் அந்தி நேரத்தில் கொஞ்ச நேரம் ஏற்றி, உடனே அணைத்துவிடுவாளாம். நான் அடுத்த வாரம் ஒரு பெரிய புட்டி நிறையத் தேங்காயெண்ணெய் கொண்டுபோனேன். அவள் புட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். “இனிமே பகலும் ராவும் எரியும் ஐயா. எப்ப வந்தாலும் நான் இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்” என்றாள்.

பகலில் ஏற்றாதீர்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை. பெட்டி ஒதுக்கிய பாவமெல்லாம் அந்தப் புட்டியோடு இறக்கி வைத்துவிட்டதுபோல் கைகளை விட்டுவிட்டு இறக்கத்தில் பறந்தேன். இவ்வளவு மலிவாக மருந்து கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மறுநாள் ஞாயிறு. நண்பனோடு போனேன். இருவராகப் போனால் பேச்சுச் சத்தத்தைக் கேட்டே அவள் மறைந்துவிடுவாள், அதனால் நான் கவலைப்படவில்லை. வழக்கமாக மரத்தடியை ஒரு கும்பிடோடு கடந்துவிடும் நண்பன் அன்று பிரேக் போட்டான். சரளையில் சக்கரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது.

“டேய், இங்க பாரு. விளக்கு எரியுது.”

அகல் நிரம்ப எண்ணெய். பட்டப்பகலில் திரி நின்று எரிந்தது.

“யாராச்சும் ஏத்தியிருப்பாங்க” என்றேன்.

“யாரு ஏத்துவா? ஜாகா பஞ்சாபிக்காரரு, அவருக்கு முனியாண்டியைத் தெரியுமா? இந்த மலையில ஈ காக்கா இல்ல.” தொப்பியைக் கழற்றினான், செருப்பைக் கழற்றினான். “நம்ம ஜனங்களையெல்லாம் ஏத்தி அனுப்பிட்டோம்டா. சாமிக்கு வெளக்கு வெக்க ஆளில்ல. சாமி தானே ஏத்திக்குது.”

அவன் கண்ணில் தண்ணீர். அவனும் என்னைப் போலத்தான், அதே அலுவலகம், அதே வேலை, அதே குறுகுறுப்பு. நான் எண்ணெய்ப் புட்டியில் இறக்கி வைத்ததை அவன் அந்த அகலின் முன்னால் இறக்கி வைத்தான். அகலைச் சுற்றிப் பெருக்கியிருந்த மண்ணில் ஒரு பெண்ணின் காலடி பளிச்சென்று தெரிந்தது. அவன் விழுந்து கும்பிட்டு எழுவதற்குள் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அதன்மேல் நிறுத்தினேன்.

ஏன் அப்போதே அவனைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். வாக்குக் கொடுத்திருந்தேன், அது ஒன்று. அவன் வாய் நிற்காது என்ற பயம், அது ஒன்று. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்தச் சாலை எனக்குச் சொந்தம் என்று நினைத்ததைப்போல அந்த ரகசியமும் எனக்குச் சொந்தம் என்று நினைத்தேன். பங்கு கொடுக்க மனசு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில், முடிதிருத்தும் கடையில், செந்தூல் ரயில் பட்டறைக்குப் போகும் ஆட்களிடம், எங்கும் அதே பேச்சு. எண்ணெய் இல்லாமல் எரிகிறதாம், மழையில் அணைவதில்லையாம், கப்பலேறிப் போன ஜனங்களுக்காக முனியாண்டி காத்திருக்கிறாராம். என் மனைவியும் என்னிடமே வந்து சொன்னாள். நேரில் பார்த்தவன் அல்லவா நான், சும்மா தலையாட்டினேன். வரும் ஞாயிறு எல்லோரும் சேர்ந்து போய்ப் பொங்கல் வைப்பதென்று முடிவானது. நண்பன்தான் முன்னின்றான்.

அந்த வாரத்துக்குள் ஒரு தடவை போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டதும் கிளம்பப் பார்த்தேன், மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்துவிட்டான். மழையிலும் போயிருக்கலாம். மைத்துனனை உட்கார வைத்துவிட்டும் போயிருக்கலாம். கூட்டத்தின் சத்தம் கேட்டால் அவளே ஒளிந்துகொள்வாள், இத்தனை நாள் ஒளிந்தவள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னால்தான் ஊரே கிளம்பி வருகிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதுதான் உண்மை.

ஞாயிறு வந்தது. அந்தச் சாலையில் அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. முன்னால் சைக்கிள்கள், நடுவில் வாடகைக்கு எடுத்த மாட்டுவண்டிகள், ஒரு லோரிகூட மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. பெண்கள் எலுமிச்சை மாலையும் பானையும் சுமந்து நடந்தார்கள். சாமி சமாசாரம் என்றதும் ஜாகா கேட்டை விரியத் திறந்துவிட்டு, தானும் லோரியில் ஏறிக்கொண்டார். நான் கடைசியில் போனேன். சக்கரங்கள் உழுத சரளையில் என் சைக்கிள் தள்ளாடியது. வழி விடு என்று யாரோ எனக்குப் பின்னால் மணி அடித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இந்த லட்சணத்தில் எனக்குச் சாலை பறிபோன கோபம்.

மரத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கற்பூரம் கொளுத்தினார்கள், ஒருவருக்கு அருள் வந்தது. பொங்கலுக்கு விறகு தேடி ஆண்கள் லயத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு வீட்டில் பாய், சட்டி, கொஞ்சம் அரிசி, ஒரு எண்ணெய்ப் புட்டி. என் புட்டி. திருடன் குடியிருக்கிறான் என்று சத்தம் போட்டார்கள். ஜாகா தடியோடு போனார். புகைக்கொட்டகைக்குள்ளிருந்து அவளை அழைத்து வந்தார்கள்.

முதலில் யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. யாரம்மா நீ என்றுதான் கேட்டார்கள். அவள் ஜாகாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“என்னை அனுப்பிடாதீங்க. என் வூட்டுக்காரரு வந்துடுவாரு. நான் வெளக்கு வெச்சிக்கிட்டு ஒரு ஓரமா இருக்கேன். இத்தனை நாளும் நான்தானே ஏத்தினேன்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் கொந்தளித்தது. சாமி ஏற்றிய விளக்கை நான் ஏற்றினேன் என்கிறாளே, எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று ஒரு கிழவர் கத்தினார். பைத்தியம் என்றாள் ஒருத்தி. எண்ணெய்க்கு எங்கே போனாய், யார் கொடுத்தது, சொல் பார்க்கலாம் என்று கேட்டார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்தாள். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நண்பனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஆமாம், நான் கொடுத்தேன் என்று நான் சொல்ல வேண்டிய நேரம் அது. நான் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். சொன்னால் இத்தனை பேர் முன்னால், கற்பூரம் எரிகிற நேரத்தில், என் நண்பன் பொய்யனாவான், நான் அதைவிடப் பெரிய பொய்யனாவேன். அவள் எவ்வளவு நேரம் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. அப்புறம் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

“யாரும் குடுக்கல” என்றாள்.

என்னைக் காப்பாற்றிவிட்டாள். ஜாகா அவள் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு, மெதுவாக, முழங்காலைப் பிடித்தபடி, அடிவாரத்தில் இருந்த தோட்ட ஆபீசுக்கு அழைத்துப் போனார். வேலையில்லாத ஆளை அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள் என்பது எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பொங்கல் பொங்கியது. எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது நண்பன் என் பக்கத்தில் வந்தான்.

“அந்த அம்மா உன்னைப் பாத்துச்சே. தெரியுமா உனக்கு?”

அப்போது எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டான்.

“எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வாயைத் தொறந்திருப்பேனா?” என்றான்.

திறந்திருக்க மாட்டான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. இத்தனை வருடம் பழகியவனை நான் அளந்திருந்த அளவு தப்பு. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனான். அதற்கப்புறம் என்னோடு மலைக்கு வரவில்லை. அந்த மரத்தடிக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தான், என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரமும் துறைமுகத்துக்குப் பெட்டி ஒதுக்கினேன். அதில் ஏதோ ஒன்றில் அவள் போயிருப்பாள். நிலையம் என் அலுவலகத்துக்கு எதிரில்தான். இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாம். தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

விளக்கு நிற்கவில்லை. வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்கள். கூரை போட்டார்கள், உண்டியல் வைத்தார்கள், கிள்ளானிலிருந்தும் ஜனம் வரத் தொடங்கியது. சாலையோரம் ஒரு கோப்பிக்கடை முளைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்தக் கடைப் பலகையில் போய் உட்கார்ந்தேன். சாமி கும்பிட அல்ல. புருஷன் வந்தால் அவரிடம் சொல்ல ஓர் ஆளாவது வேண்டுமே. எனக்கு மிச்சம் இருந்த வேலை அது ஒன்றுதான். வரமாட்டார், வரமாட்டார் என்று நம்பிக்கொண்டே காத்திருந்தேன்.

அவர் வந்தார். கிள்ளான் ஜனங்களோடு லோரியில் வந்து இறங்கினார். கறுத்து மெலிந்த ஆள், புதுச்சட்டை. மற்றவர்கள் மரத்தடிக்குப் போக, அவர் மட்டும் லயத்துப் பக்கம் விறுவிறுவென்று போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பிக் கடைக்கு வந்தார்.

“இங்க ஒரு பொம்பளை இருந்துச்சே, பாத்தீங்களா?” என்று கடைக்காரரைக் கேட்டார். “இந்த விளக்கு தானா எரியுதுன்னு அங்க பேசிக்கிட்டாங்க. எனக்குத் தெரியும், அவதான் ஏத்துறா. அதான் ஓடியாந்தேன்.”

கடைக்காரர் சிரித்தார். நான் எழுந்து அவரைத் தனியாக அழைத்துப் போனேன். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், கப்பலேற்றியிருப்பார்கள் என்று சொன்னேன். எப்படிப் பிடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் அங்கேயே சரளையில் உட்கார்ந்துவிட்டார்.

“வேலை கெடைச்சிடுச்சு ஐயா. ரெண்டு பேருக்கும். வூடும் குடுத்துட்டாங்க. நடுவுல காய்ச்சல்ல விழுந்துட்டேன், அதான் வர முடியல.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க அவளைப் பாத்தீங்களா? பேசினீங்களா?”

“பேசினேன்.”

“எந்த ஊருக்குப் போறேன்னு சொன்னா?”

எனக்குப் புரியவில்லை.

“அவ ஊரு சேலத்துப் பக்கம். எங்க ஊரு புதுக்கோட்டை. நாகப்பட்டினத்துல எறங்கினா ரெண்டும் வேற வேற தெசை. எங்கன்னு தேடுவேன்? அவளுக்கு அங்க யாரும் இல்ல, எல்லாம் செத்துப் போச்சு. எங்க அண்ணன் வூட்டுல அவளை வாசப்படி ஏத்தல, வேற சாதின்னு. செத்தாலும் உங்க ஊரு மண்ணை மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏதாச்சும் சொல்லியிருப்பாளே ஐயா?”

அவள் ஊரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை என்னை விடவில்லை. கொடுக்க ஏதாவது ஒன்று என்னிடம் இருந்தாக வேண்டும் என்று இருந்தது.

“உங்க ஊருக்குத்தான் போறேன்னு சொன்னாங்க” என்றேன்.

“எங்க ஊருக்கா?”

“ஆமா. அங்க வந்துடச் சொன்னாங்க.”

அவர் முகம் மலர்ந்ததை நான் இதற்குமேல் எழுதப் போவதில்லை. மனசு மாறிட்டா, மனசு மாறிட்டா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தென்னந்தோப்பு வேலை என்ன ஆவது என்றேன். அவ இல்லாம வேலை எதுக்கு என்றார். கப்பலுக்குக் காத்திருப்பவர்களைத் துறைமுகத்தில் தங்கவைக்கும் முகாமுக்குப் போய், நானும் வேலையில்லாத ஆள்தான், என்னையும் ஏற்றிவிடுங்கள் என்று கேட்கப் போகிறாராம். அன்றைக்கே போக வேண்டுமாம். அவரைக் கேரியரில் உட்கார வைத்து மலையிறங்கி, கோலாலம்பூர் நிலையம் வரை கொண்டுவந்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அண்ணனிடம் என்ன பேச வேண்டும், வீட்டை எந்தப் பக்கம் பிரித்துக் கேட்க வேண்டும் என்று. நல்ல மனுஷன் நீங்க, உங்களை மறக்க மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார்.

துறைமுகத்துக்குப் போகும் ரயில் நின்றுகொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. எனக்குத் தெரியாது, நான் சொன்னது பொய் என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.